உங்களுக்குத் தெரியுமா? முதலில் எந்தக் கோடு?

தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை மணல்திட்டுகள். அதனால் பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ தன் கல்வெட்டை நிறுத்தியதும் அந்தச் சுற்றுவழியில் உள்ள காலித் துறைமுகத்தில்தான். 1409 தேதியிட்ட அந்த ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. கல்லைச் சீனாவிலேயே செதுக்கிக் கப்பலேற்றினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியென்றால் அங்கே தமிழ் எழுத்தைச் செதுக்கத் தெரிந்த கை ஒன்று இருந்திருக்கிறது! 1911-இல் கண்டெடுத்தபோது அந்தக் கல் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலும் சீன எழுத்து பொறித்த ஒரு கோபுரம் இருந்தது. 1267-இல் கட்டி முடித்ததாக அதில் எழுதியிருந்ததை, 14-ஆம் நூற்றாண்டுப் பயணி வாங் தாயுவான் குறித்து வைத்திருக்கிறார். அதுவே என்று பலர் கருதும் செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். இருந்திருந்தால் சீனம் படிக்கும் நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கலாம்.

வாங் தாயுவான் அதற்குத் தந்த பெயர் ‘மண் கோபுரம்’. ‘மண்’ என்ற சீன எழுத்துக்கு மூன்றே கோடுகள்: மேலே சிறிய கிடைக்கோடு, அதை வெட்டி ஒரு செங்குத்துக்கோடு, அடியில் நீண்ட கிடைக்கோடு. அடிக்கோட்டை மேற்கோட்டைவிடக் குட்டையாகப் போட்டால் மண் போய், கற்றவரைக் குறிக்கும் வேறோர் எழுத்து வந்துவிடும்.

எந்தக் கோட்டை முதலில் போடுவது என்பதற்குச் சீனத்தில் விதி உண்டு. மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. கிடைக்கோடு முதலில், செங்குத்து அடுத்து. ‘தண்ணீர்’ போல இருபுறமும் சிறகு விரிக்கும் எழுத்தில் மட்டும் நடுக்கோடு முந்திக்கொள்ளும். ‘நாடு’ போன்ற கட்டமுள்ள எழுத்துக்குச் சீன வாத்தியார்கள் ஒரு வழி சொல்லிக்கொடுப்பார்கள்: ஆட்கள் உள்ளே போகட்டும், பிறகு கதவைச் சாத்து. அதாவது, கட்டத்தின் அடிக்கோடுதான் கடைசி.

‘வாய்’ என்ற எழுத்து ஒரு சதுரம். பக்கம் நான்கு, கோடு மூன்று! மேல்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுவதால் ஒன்றாகவே கணக்கு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வரிசை மாறினால் ஒட்டும் இடமும் மாறி, அடுத்தவருக்குப் படிக்க வராது. கைபேசியில் கோட்டு முறையில் தட்டச்சு செய்பவர்களுக்கும் இது வேண்டும்: கிடைக்கோட்டுக்கு 1, செங்குத்துக்கு 2. கூட்டல்குறி போலிருக்கும் ‘பத்து’ எழுத, 1 தட்டி 2 தட்ட வேண்டும்.

வரிசை நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு. ‘வலது’ என்ற எழுத்தைச் சீனர் கிடைக்கோட்டில் தொடங்குவார்கள். ஜப்பானியர் சாய்கோட்டில் தொடங்குவார்கள். சீன அரசு 1997-இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசையை நிர்ணயித்து வெளியிட்டது.

இந்த எழுத்துகளைக் கற்று, சீனக் கவிதைகளை ஆங்கில வழியாக அல்லாமல் மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்தவர் இந்திய வெளியுறவு அதிகாரி ஸ்ரீதரன் மதுசூதனன். ‘பயணி’ என்ற பெயரில் எழுதுகிறார்.

சீனத் தடம் உள்ள இன்னோர் இடம், ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள பெரியபட்டினம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. சீனப் பாத்திரங்களின் அடியில் எழுத்து இருப்பதுண்டு. அந்தப் பக்கம் போகும்போது வழவழப்பான பச்சை ஓடு ஏதாவது கண்ணில் பட்டால், வீட்டுக்கு எடுத்துவந்து அலமாரியில் வைக்காதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.