கண் திறந்திருந்தும் காணாதது ஏன்?

திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டு ஓடிவிட்ட குழந்தையைத் தாய் தேடுகிறாள். நூற்றுக்கணக்கான மனிதர்கள் அவள் கண்முன் நிற்கின்றனர். ஆனால், நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுள்ள சிறு பகுதியை மட்டுமே நம் கண் ஒரு நேரத்தில் மிகக் கூர்மையாகக் காண இயலும். அப்படியானால், அடுத்து எங்கே பார்ப்பது என்பதை முடிவு செய்வது எது?

புறப்பொருளின் கவர்ச்சி, உள்ளத்தின் நோக்கம் என இரண்டையே உளவியலார் நெடுங்காலம் கூறி வந்தனர். இவை போதா என்று கண்ட அமெரிக்க உளவியலார் ஜெரிமி வுல்ஃப், டாட் ஹொரோவிட்ஸ் ஆகிய இருவரும் 2017-இல் ஐந்து காரணிகளை வகுத்துக் காட்டினர்.

முதலாவது, எடுப்பான தோற்றம். வெள்ளைச் சட்டைகளின் நடுவே ஒரு சிவப்புச் சட்டை இருந்தால், நாம் விரும்பாவிட்டாலும் கண் அங்கே செல்லும். இரண்டாவது, தேடும் பொருளின் பண்பு. குழந்தையின் சட்டை மஞ்சள் என்று அறிந்த தாய், மஞ்சள் நிறத்தையே நாடிப் பார்க்கிறாள். மூன்றாவது, காட்சியின் அமைப்பு. குழந்தையைக் கோபுர உச்சியில் யாரும் தேடுவதில்லை. பொம்மைக் கடையோரம் தேடுவர். நான்காவது, முன் அனுபவம். சற்றுமுன் கண்டதும், பல்லாண்டு தேடிப் பழகியதும் பார்வையை வழிநடத்துகின்றன. ஐந்தாவது, மதிப்பு. ஒரு நிறத்தைக் கண்டால் பரிசு என்று பழகிவிட்டால், பரிசு நின்ற பின்னும் அந்நிறம் கண்ணை இழுக்கும்.

இந்த வழிகாட்டிகளே சில வேளை நம்மை ஏமாற்றியும் விடுகின்றன. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 கதிரியல் மருத்துவர்கள் நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில், புற்றுநோயின் அறிகுறியாகக் கூடிய சிறு முடிச்சுகளைத் தேடினர். இறுதிப் படத்தொகுதியில், சராசரி முடிச்சைப் போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்று செருகப்பட்டிருந்தது. 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை! அவர்களுள் பெரும்பாலோரின் பார்வை அவ்விடத்தின் மீதே விழுந்தது என்பதைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது.

அரிதானவற்றையும் கண் எளிதில் தவறவிடுகிறது. வுல்ஃப் குழுவினர் 2005-இல் வெளியிட்ட சோதனையில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 விழுக்காடு தவறியது. நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 விழுக்காடு தவறியது. நோய்க்குறியும் பெரும்பாலான படங்களில் இராத அரிய பொருள்தானே! மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒரே படத்தை இருவர் தனித்தனியே பார்ப்பதன் தேவை இதனால் விளங்கும்.

எனவே, 'நன்றாகப் பார்த்துவிட்டேன்' என்று நாம் சொல்லும்போது, தேடியதைத்தான் பார்த்தோம் என்பதை நினைவிற் கொள்வது நல்லது.