மானோடு முடியாத குண்டு

ஒரு மானின் நெஞ்சுக்கூட்டை ரைபிள் குண்டு கடந்துபோக ஆகும் நேரம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் குண்டின் உலோகம் நசுங்க வேண்டும், விரிய வேண்டும், ஆனால் சிதறிவிடக் கூடாது. எலும்பில் பட்டாலும் வழி தவறாமல் ஆழம்வரை போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் மான் சில நொடிகளில் நினைவிழந்து விழும். தவறினால் காயத்தைச் சுமந்துகொண்டே காட்டுக்குள் ஓடி மறையும். நாள்கணக்கில் வலியில் கிடந்து சாகும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முற்றிலுமாகத் தடைசெய்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நிலைமை வேறு. அங்கே அரசிடம் உரிமம் வாங்கி, அனுமதித்த பருவத்தில், அனுமதித்த எண்ணிக்கையில் மானையும், எல்க், மூஸ் போன்ற பெரிய மான் இனங்களையும் வேட்டையாடுகிறார்கள். இறைச்சி பெரும்பாலும் வீட்டுச் சமையலுக்குப் போகிறது. வேட்டை சரியா தவறா என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது. ஆனால் சுடுவது என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால், அந்த விலங்கைத் துன்புறுத்தாமல் சாகடிக்கும் கடமை அவர் தலையில் ஏறிவிடுகிறது. நேர்மையான வேட்டைக்காரர்கள் இதை முதல் விதியாகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் கடமையில் பாதி குறிபார்க்கும் கையைச் சேர்ந்தது. மறுபாதி குண்டைத் தேர்ந்தெடுக்கும் அறிவைச் சேர்ந்தது.

அமெரிக்க ராணுவத்துக்காக 1906-இல் வந்து, இன்றும் மான் வேட்டையில் புழங்கும் .30-06 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் முனையில் இருக்கும் குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். 180 கிரெய்ன் என்றால் 11.7 கிராம். வெடிமருந்து பற்றியதும் அது நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டு வெளியேறும். குழலின் உட்புறம் சுருள் சுருளாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வெட்டியிருந்தால், குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,94,000 முறை சுழன்றபடி பறக்கும். அந்தச் சுழற்சிதான் அதைத் தலைகுப்புற உருளவிடாமல் நேராகக் கொண்டுபோகிறது.

இவ்வளவு வேகம் இருந்தும், வேகம் மட்டுமே பெரிய விலங்கை வீழ்த்திவிடாது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலும் இதயமும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கும் இடத்தைக் குண்டு கிழிக்கிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்கு ஆக்சிஜன் போவது நின்று நினைவு தப்புகிறது. இதயமே சிதைந்த மான்கூட, மூளையில் மிஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு பல மீட்டர் தூரம் ஓடிவிடும். ஆகவே காயம் அகலமாகவும் இருக்க வேண்டும், ஆழமாகவும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. கெட்டியான உறை மூடிய குண்டு ஆழமாகப் போகும். ஆனால் குறுகிய துளையிட்டு மறுபக்கம் வெளியேறிவிடும். மென்மையான ஈயக் குண்டு நன்றாக விரியும். ஆனால் தோள் எலும்பில் பட்டதுமே நொறுங்கி, உள்ளுறுப்பு வரை போகாமல் நின்றுவிடும். குண்டு வடிவமைப்பின் வரலாறே இந்த இரண்டையும் சமரசம் செய்துவைக்க எடுத்த முயற்சிகளின் வரலாறுதான்.

அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் நாட்டில் நடந்தது. 1890-களில் கல்கத்தாவுக்கு அருகில் உள்ள டம்டம் ஆயுதச்சாலையில், நெவில் பெர்ட்டி-கிளே என்ற ஆங்கிலேய அதிகாரி குண்டின் நுனியில் மட்டும் உறையை நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் நுனி பிதுங்கி விரிந்தது. இந்தக் கொடுமையைக் கண்டு, 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகளில் பெரும்பாலானவை விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன. ஆனால் இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுவதானால் மென்முனைக் குண்டோ குழிமுனைக் குண்டோதான் வேண்டும் என்கிறது. மனிதர்மீது பாயக் கூடாது என்று விலக்கிய குண்டை மானுக்குக் கட்டாயமாக்கியது முரணாகத் தோன்றலாம். காரணம் தெளிவானது. போரில் காயம்பட்ட வீரன் களத்திலிருந்து அகன்றாலே போதும்; அவனுக்கு மருத்துவம் உண்டு, பிழைத்து வீடு திரும்பலாம். காயம்பட்ட மானுக்கு மருத்துவமனை இல்லை. அதற்குச் செய்யக்கூடிய ஒரே கருணை, சாவைத் தாமதிக்காமல் இருப்பது.

விரிந்தாலும் நொறுங்காத குண்டுக்கு ஒரு வழியைக் கண்டவர் ஜான் நோஸ்லர். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் சுட்ட குண்டுகள், சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸின் உடலில் ஆழமாக இறங்கவில்லை. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவே செம்பாலான ஒரு குறுக்குச் சுவரை வைத்தார். முன்பாதி ஈயம் விரிந்து சிதறினாலும் பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்த ‘பார்ட்டிஷன்’ குண்டு இன்றும் விற்கிறது.

மானுக்கு விரைவான சாவு கிடைத்துவிட்டது. ஆனால் முன்பாதியிலிருந்து சிதறிய ஈயம் எங்கே போனது?

2009-இல் கிரெய்ஞ்சர் ஹண்ட் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினார்கள். செம்பு உறையிட்ட வழக்கமான ஈயக் குண்டுகளால் சுடப்பட்ட 30 வெள்ளைவால் மான்களைக் குடல் நீக்கிய நிலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லா மான்களிலும் உலோகத் துணுக்குகள் தெரிந்தன. ஒரு மானில் 15 என்றால் இன்னொன்றில் 409. பல துணுக்குகள் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு சிறியவை. குண்டு போன தடத்தை விட்டு விலகித் தசைக்குள் பரவியிருந்தவை. பிறகு அந்த இறைச்சியை வெட்டிக் கொத்துவதற்குக் கடைகளில் கொடுத்தார்கள். பத்தில் எட்டு மான்களின் கொத்துக்கறியில் துணுக்குகள் இருந்தன. அந்தக் கறியைத் தின்ற பன்றிகளின் ரத்தத்தில் ஈயம் கூடியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம் அப்பாவின் துப்பாக்கி வழியாகவே சாப்பாட்டுத் தட்டுக்கு வர முடியும் என்பது இதன் பொருள்.

காட்டில் விட்டுவந்த குடலைத் தின்னும் உயிர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. வேட்டைக்காரர் மானை அங்கேயே அறுத்து, குடலை விட்டுவிட்டு இறைச்சியோடு திரும்புவது வழக்கம். கலிபோர்னியா காண்டர் அந்தக் குடலைத் தேடி வரும். விரித்த சிறகு ஏறக்குறைய 3 மீட்டர். வட அமெரிக்காவின் மிகப் பெரிய நிலப்பறவை. அதன் இரைப்பை அமிலம் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். நரம்பு தளர்ந்து, செரிமானம் அடியோடு நின்றுபோகும். விழுங்கிய இரை கீழே இறங்காமல் தொண்டைப் பையிலேயே தங்கிவிட, அந்தப் பை நிறைந்திருக்கும்போதே பறவை பட்டினியால் சாகும்.

1982-இல் உலகில் மிஞ்சியிருந்த காண்டர்கள் 22 மட்டுமே. 1987-க்குள் காட்டில் இருந்த அத்தனையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம்பெருக்கினார்கள். 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். இன்று எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் காட்டில் விட்ட காண்டர்களின் சாவுக்கு முதல் காரணமாக இன்னும் இருப்பது ஈய நஞ்சுதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் பெருகும் பறவை இந்த இழப்பைத் தாங்காது. அதனால்தான் அவற்றை அவ்வப்போது பிடித்து ரத்தம் சோதித்து, ஈயத்தை வெளியேற்றும் ஊசி போட்டுத் திரும்ப விடுகிறார்கள். பறவைகளின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து, அதில் பெரும்பகுதி வேட்டைக் குண்டுகளிலிருந்தே வந்தது என்று 2012-இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு காட்டியது.

மாற்று கையிலேயே இருக்கிறது. 1980-களில் பார்ன்ஸ் நிறுவனத்தின் ராண்டி புரூக்ஸ் ஈயமே இல்லாமல் முழுதும் செம்பாலான குண்டை உருவாக்கினார். அதன் நுனியில் ஒரு குழி இருக்கும். உடலில் நுழைந்ததும் திரவம் அந்தக் குழிக்குள் அழுந்த, நுனி பிளந்து மொட்டு அவிழ்வதுபோல நாலு இதழாகப் பின்னோக்கி மடியும். அகலம் ஏறத்தாழ இரு மடங்காகும். எடையோ அப்படியே இருக்கும். உதிர்வது மிகக் கொஞ்சம்.

செம்புக்கு மாறுபவர் சில கணக்குகளை அறிந்திருக்க வேண்டும். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம்; செம்பின் அடர்த்தி 9 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நிலையாகப் பறக்க அதற்கு இன்னும் வேகமான சுழற்சி தேவைப்படும். எனவே 180 கிரெய்ன் ஈயக் குண்டு போட்டவர் 165 அல்லது 150 கிரெய்ன் செம்புக்கு இறங்குவது நல்லது. எடையை இழக்காததால் அதுவும் ஆழமாகவே போகும். செம்பு கெட்டியான உலோகம். வேகம் குறைந்தால் விரியாது. பல செம்புக் குண்டுகள் நன்றாக விரிய நொடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்திலாவது தாக்க வேண்டும். அதற்கும் கீழே வேகம் விழும் தூரத்தில் இருக்கும் மானைச் சுடக் கூடாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு குண்டு பிடிக்கும் என்பதால், பருவம் தொடங்கும் முன்பே காகித இலக்கில் சுட்டுப் பழகிவிட வேண்டும்.

மாற்றம் தொடங்கிவிட்டது. காண்டர் வாழும் பகுதிகளில் 2008-இல் ஈயக் குண்டைத் தடுத்த கலிபோர்னியா, 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் அதைத் தடைசெய்தது. அரிசோனா சட்டம் போடாமல், 2005 முதல் காண்டர் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்தது. பெரும்பாலோர் மனமுவந்து மாறினார்கள். வட கலிபோர்னியாவின் யூரோக் பழங்குடியினர் தங்கள் வேட்டைக்காரர்களோடு பேசி மாற்றத்துக்கு வழிசெய்து, நூறாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த காண்டரை 2022-இல் தங்கள் வானத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் வேட்டையிலும் ஈயத்தை விலக்கியது.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரண ஊசி, செத்த மாட்டின் வழியாக இந்தியாவின் பாறு கழுகுகளை ஏறக்குறைய அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்த பிறகும், தமிழ்நாட்டில் முதுமலை, மாயாறு பக்கம் மிஞ்சிய சிலவற்றைக் காப்பாற்றவே போராடிக்கொண்டிருக்கிறோம். இணையான மாற்று மருந்தாக மெலாக்சிகம் இருந்தது. அதற்கு மாறியதுதான் நாம் செய்த சரியான காரியம்.

வேட்டைக்காரர் கடையில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இந்தக் குண்டு மானை விரைவாகச் சாகடிக்குமா? அந்த மானின் இறைச்சியை என் பிள்ளைக்குப் பயமில்லாமல் கொடுக்கலாமா? நான் விட்டுவரும் குடலைத் தின்னும் பறவை பிழைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் குண்டு இன்று கடையில் கிடைக்கிறது. அது கிடைக்கும்போது ஈயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நியாயமே இல்லை.