திரைக்குப் பின் இருந்த சித்திரம்

பிரபு குலத்துச் சீமாட்டி ஒருவர் மஞ்சள் பட்டு நாற்காலியின் முதுகில் கைகளைச் சாய்த்து நிற்கிறார். உடுத்தியிருப்பது நீலப் பட்டு. மணிக்கட்டில் முத்துச் சரங்கள். பொன் வேலை செய்த மேலாடையும், விசிறியும், கையுறைகளும் நாற்காலியின் மீது கிடக்கின்றன. விருந்துக்குப் புறப்படும் வேளை போலும்! பட்டின் மடிப்புகளில் ஒளி வழுக்கிச் செல்வதைக் கண்டால், விரலால் தொட்டுப் பார்க்கலாமா என்று நமக்குத் தோன்றுகிறது. தூரிகை பட்ட தடமே தெரியவில்லை.

பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1853-ஆம் ஆண்டில் முடித்த எண்ணெய் வர்ணச் சித்திரம் இது. இதில் நிற்பவர் இளவரசி போலின், 1825-ல் பிறந்தவர், ஆல்பெர் த புரோய் என்ற பிரபுவின் மனைவி, ஐந்து புதல்வர்களின் தாய். ஆல்பெரின் தமக்கை லூயிஸை ஆங்க்ர் 1845-லேயே தீட்டியிருந்தார். நாத்தனாருக்குப் பின் போலினின் முறை வந்தது.

ஓவியரோ அப்போது எழுபதைக் கடந்தவர். சரித்திரச் சித்திரங்களே உயர்ந்தவை, மனிதர்களின் உருவங்களைத் தீட்டுவது அதற்கு அடுத்தபடிதான் என்பது அவர் எண்ணம். ஆயினும் இன்று உலகம் பெரிதும் போற்றுவது அவர் தயங்கித் தயங்கித் தீட்டிய இம்முகங்களைத்தான்.

முகத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவே அதில் களிப்பும் இல்லை, கர்வமும் இல்லை. போலின் பக்தி மிகுந்தவர்; சமய விஷயங்களைப் பற்றி எழுதியவருங்கூட. பட்டையும் முத்தையும் ஒளிக்காமல் காட்டிய ஓவியர், அந்த மனத்தை மட்டும் அடக்கமாகவே விட்டுவைத்தார்.

படம் முடிந்து ஏழே ஆண்டுகள். 1860-ல் க்ஷயரோகம் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. ஆல்பெர் அப்படத்தைத் திரையிட்டு மறைத்து வைத்துக்கொண்டார். பின்னாளில், 1873-லும் 1877-லும், பிரெஞ்சு மந்திரிசபைக்குத் தலைமை வகித்த அவர் 1901 வரை உயிர் வாழ்ந்தார். ‘உயிருடன் நிற்பது போலவே இருக்கிறது’ என்பதுதான் ஓவியனுக்கு நாம் தரும் பெரும் பாராட்டு. மனைவியை இழந்தவருக்கு அந்தச் சிறப்பே தாங்க முடியாததாய் இருந்திருக்கும் என்று எண்ணுகிறோம்.

போலினின் பேரரே விஞ்ஞானி லூயி த புரோய். எலெக்ட்ரானுக்கு அலையின் இயல்பும் உண்டு என்று கண்டு, 1929-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பிறந்தது 1892-ல். பாட்டியை அவர் படத்தில்தான் கண்டிருக்க முடியும்.

குடும்பத்தை விட்டுச் சென்ற படம் 1975 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிசாலையில் இருக்கிறது. அதே வீதியில், ஒரு மைல் தூரத்துக்குள், ஃபிரிக் காட்சிசாலைக்கு நாத்தனாரும் வந்து சேர்ந்திருக்கிறார். இப்பொழுது இளவரசிக்கு முன் திரை இல்லை. முன்பின் அறியாத நாமும் நின்று பார்க்கலாம். பட்டைப் பார்த்து முடித்த பின், முகத்தையும் ஒரு கணம் பார்த்துவிட்டு வருவோம்.