பெயரைக் காக்கும் பொய், வீட்டைக் காக்குமா?

இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சற்றுக் கசப்பான விஷயம். நம் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, நாம் உயிராய் நேசிக்கும் மனிதர்களிடமே பொய் சொல்கிறோமே, அது சரிதானா? "குடும்பத்துக்காகத்தானே மறைத்தேன்" என்று நாம் சொல்லும் சமாதானம் செல்லுபடியாகுமா?

ஒரு காட்சியை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். கிள்ளானில் குடியிருக்கும் ஒரு குடும்பத் தலைவர். வேலை போய் மூன்று மாதமாகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. காலையில் வழக்கம்போல் குளித்து, திருநீறு பூசி, மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் இரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்குகிறார். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் நெடுகிலும் நடக்கிறார். ஒரு தே தாரேக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். மாலையில் வேலை முடிந்து வருபவரைப் போல் வீடு திரும்புகிறார். மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க வேண்டுமே? மனைவியின் சங்கிலி அவருக்குத் தெரியாமல் அடகுக் கடைக்குப் போகிறது. அடுத்த மாதம் ஆலோங்கிடம் கை நீட்டுகிறார்.

இவர் கற்பனை மனிதர்தான். ஆனாலும் இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

எதைக் காக்கிறோம்?

அவரைக் கேட்டால், "என் மனைவி மனம் நோகக் கூடாது" என்பார். உண்மையில் அவர் அஞ்சுவது வேறொன்றுக்கு. மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள்? கோயில் திருவிழாவில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? பிள்ளைகளின் கண்ணில் நான் சிறுத்துப் போவேனா? அவர் காக்க நினைப்பது மனைவியை அல்ல, மனைவியின் மனத்தில் இருக்கும் தம்முடைய படத்தை.

வள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தில் பொய்க்கும் ஒரு சிறிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். யாருக்கும் தீங்கில்லாத நன்மை விளையுமானால் மட்டுமே அந்த வாசல் வழியாகப் போகலாம். பலர் இந்தக் குறளைத் தங்கள் பொய்க்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். அவர்கள் தங்களையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொய்யால் நன்மை யாருக்கு, நட்டம் யாருக்கு? நன்மை எனக்கு, நட்டம் அவளுக்கு என்று பதில் வருமானால் அந்த வாசல் நமக்குத் திறக்காது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அடித்துத் துன்புறுத்தும் ஒருவரிடமிருந்து தப்பிக்க ஒரு பெண் சிலவற்றை மறைத்தால் அது தற்காப்பு. அதை நாம் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் 15999 என்ற அரசாங்க உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரு பொய்யும் பதினெட்டு ஆண்டுகளும்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சில வேளைகளில் அது எட்டு நாளில் முடிவதில்லை. அப்போதுதான் ஆபத்தே. பிரான்ஸ் நாட்டில் ஜோன் குளோட் ரோமோன் என்பவர் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுத் தேர்வை முழுமையாக எழுதவில்லை. தேறிவிட்டதாகப் பெற்றோரிடம் சொன்னார். அந்த ஒரு பொய்யைக் காக்க, பட்டம் பெற்றதாகவும், ஜெனிவாவில் உலகச் சுகாதார நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகவும் சொல்லிக்கொண்டு சுமார் 18 ஆண்டுகள் வாழ்ந்தார். தினமும் வேலைக்குக் கிளம்புவார், பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புவார். முதலீடு செய்வதாகக் கூறி உறவினர்கள் கொடுத்த சேமிப்பே அவருக்குச் சம்பளம். 1993 ஜனவரியில், உண்மை வெளிவரும் நிலை வந்தபோது, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பெற்றோரையும் கொன்றார். 1996-இல் ஆயுள் தண்டனை பெற்றார்.

எல்லாப் பொய்யும் கொலையில் முடியும் என்று பயமுறுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் அடிப்படையை மட்டும் பாருங்கள். "அவர்கள் முன் தலைகுனிவதைவிட" என்று தொடங்கும் எண்ணம், அன்புக்குரியவர்களைவிட அவர்கள் தரும் மதிப்பைப் பெரிதாக்கிவிடுகிறது.

காந்தி எழுதிய கடிதம்

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் காந்தியடிகளின் சுயசரிதையில் இருக்கிறது. அவருக்கு அப்போது 15 வயது. அண்ணன் பட்ட சுமார் 25 ரூபாய் கடனை அடைக்க, அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் தீரவில்லை. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்தார். தந்தை படித்தார். கண்ணீர் வழிந்தது. தாளைக் கிழித்துப் போட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை.

அதே காந்தி பின்னாளில் இலண்டனில் படித்தபோது, மணமாகிக் குழந்தையும் இருந்த நிலையில், மணமாகாதவரைப் போல் காட்டிக்கொண்டார். அன்பு காட்டிய ஒரு மூதாட்டி தமக்குப் பெண் பார்க்கிறாரோ என்று தோன்றியதும், அவருக்கும் கடிதம் எழுதி உண்மையைச் சொன்னார். அவர் சிரித்து மன்னித்தார். மகாத்மாவுக்கும் இந்தச் சபலம் இருந்தது. அவர் சீக்கிரம் சொன்னார் என்பதுதான் வேறுபாடு.

தாமதமே பெரிய நட்டம்

நம் நாட்டில் இன்றைய நிலையில் மௌனத்துக்கு விலை உண்டு. இணைய மோசடியில் பணம் போனால், 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுத்தால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு. "வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்று மூன்று நாள் யோசித்தால், மானத்தோடு பணமும் போகும்.

வங்கிக் கடன், கடன் அட்டை என்று சிக்கியவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. தவணைகளைச் சீரமைக்கவும் உதவுகிறது. 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர்கள் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12, ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. ஆலோங்குக்கு அந்த வரம்பெல்லாம் இல்லை. முதல் கடனை மனைவியிடம் சொல்லியிருந்தால் ஆலோங்கிடம் போகவே தேவையிருந்திருக்காது. சொல்லாததால், ஒருநாள் கேட்டில் ஊற்றிய சிவப்புச் சாயம் தெருவுக்கே சொல்லிவிடுகிறது.

எப்படிச் சொல்வது?

முதலில், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பது வரை எழுதுங்கள். இரண்டாவது, ஒரே தடவையில் முழுவதும் சொல்லுங்கள். 5,000 வெள்ளி என்று இன்று சொல்லி, அடுத்த வாரம் 20,000 என்றால், மூன்றாவது தடவை நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது, "உனக்காகத்தான் மறைத்தேன்" என்று பழியை அவர் தலையில் கட்டாதீர்கள். "பயந்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கோபம் வரும், வரத்தான் செய்யும். ஆனால் அன்றிரவே அண்ணன் தம்பிகளைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால், இனி அந்த வீட்டில் யாரும் உண்மை பேசமாட்டார்கள். காந்தியின் தந்தை கிழித்த தாளை நினைத்துக்கொள்ளுங்கள். சொன்னவர் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் பேசினால் தனியே விடாதீர்கள். 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்க அஞ்ச வேண்டியதில்லை.

நாலு பேர் தரும் பெயர் அவர்கள் கையில் இருக்கிறது. அதை எப்போது வேண்டுமானாலும் அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். வீட்டில் உள்ளவரின் நம்பிக்கை அப்படிப்பட்டதன்று. இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். மீதி வார்த்தைகள் தானாக வரும்.