இரண்டு திரை, ஒரு ஜோடிக் கண்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு காலத்தில் மிளகின் விலையைத் தீர்மானித்தது குரல் வளம். 1957-ல் தொடங்கிய முன்பேர வர்த்தகத்தில் தரகர்கள் கூடத்தில் நின்று விலையைக் கூவுவார்கள். பிறகு அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் திரை பிடித்துக்கொண்டது. கூச்சல் ஓய்ந்தது.

கொங்கணி, குஜராத்தி, தமிழ், மலையாளம் எல்லாம் நான்கு தெருவுக்குள் காதில் விழும் இந்த ஊரில், திரையை நம்பிப் பிழைக்கும் இன்னொரு தொழிலும் உண்டு: வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பது. (இதை எழுதுபவரும் அந்த ரகம்தான்.) சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மேஜை, நாற்காலி, மின்சாரம் எல்லாம் சொந்தச் செலவு. எனவே "இன்னொரு மானிட்டர் எதற்கு?" என்று வீட்டில் கேள்வி எழுவது நியாயமே.

பதில் தொழிலிலேயே இருக்கிறது. காகித நாட்களில் மூலம் இடப்பக்கம், எழுதும் தாள் வலப்பக்கம். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்தது. ஆல்ட்-டேப் விசைகளைத் தட்டித் தட்டி மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் விட்ட வரியைக் கண் மறுபடி தேட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் ஒரே சொல்லில் முடிந்தால் போச்சு: கண் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும், நடுவில் உள்ளது காணாமல் போகும். ஏடு பெயர்த்து எழுதியவர்களுக்கும் நேர்ந்த விபத்துதான் இது. சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இதனால் பட்ட பாடு தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். காணாமல் போனது கதையில் வரும் வர்ணனை என்றால் தப்பிக்கலாம். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுத்தாளில் 'கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது' என்ற வரி என்றால்?

வசதி ஒன்றும் புதிதில்லை. ஆப்பிளின் மேக்கின்டாஷ் 2-ல் 1987-லேயே ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர்களை இணைக்க முடிந்தது. 1998-ல் விண்டோஸ் 98 இதைச் சாதாரண பி.சி.க்குக் கொண்டுவந்தது, ஆனால் அதற்கு இன்னொரு டிஸ்ப்ளே கார்டு வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ. துளையோ, படத்தைக் கடத்தும் யு.எஸ்.பி.-சி துளையோ இருக்கிறது. எல்லா யு.எஸ்.பி.-சி துளையும் படத்தைக் கடத்தாது. கேபிள் வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

கேபிளைச் செருகியதும் இரண்டிலும் ஒரே படம் தெரிந்தால், பலர் சலித்துப்போய்க் கழற்றிவிடுகிறார்கள். விண்டோஸ் விசையுடன் 'பி'யைச் சேர்த்துத் தட்டி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே அகலத் திரையாகும். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்று தெரியும் கட்டங்களை, மேஜையில் திரைகள் இருக்கும் வரிசைப்படியே இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்க மானிட்டருக்குப் போக மவுஸை வலப்பக்கம் தள்ளும் வினோதம் நேரும்.

தமிழுக்கென்று தனிச் சங்கடம் ஒன்று உண்டு. பரணில் கிடக்கும் பழைய எல்.சி.டி. மானிட்டரையும் சில நூறு ரூபாய் கன்வெர்ட்டரை வைத்து வி.ஜி.ஏ. வழியாக இணைத்துவிடலாம். ஆனால் அதற்கே உரிய ரெசல்யூஷனில் வைக்காவிட்டால் எழுத்து மங்கும். ஆங்கிலம் மங்கினாலும் ஒருவாறு படித்துவிடலாம். தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'பல்', 'பல' ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம், கூலி கொடுப்பவரைத் தேற்ற முடியாது. எனவே மூலம் பழைய மானிட்டரில், தமிழ் தெளிவான திரையில் என்று பிரித்துக்கொள்வது உசிதம். அந்தப் பழைய மானிட்டரில் கிரிக்கெட் ஸ்கோரும் வாட்ஸ்அப்பும் குடியேறிவிட்டால் கண் மறுபடி தாவத் தொடங்கும்.

அதிக நேரம் பார்க்கும் திரை நேர் எதிரே இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. லேப்டாப்புக்கு அடியில் நாலு தடித்த புத்தகங்களை அடுக்கி, தனி கீபோர்டு ஒன்றைச் செருகினால் கழுத்து தப்பும். அகராதிகளுக்கு இப்போது வேறு வேலை குறைவு.

மழைக்காலத்தில் மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், மானிட்டர் அணைந்துவிடும். பாதி வாக்கியத்தில் மூலம் மறைந்து தமிழ் மட்டும் கண்ணெதிரே நிற்கும். 22 அங்குல எல்.இ.டி. மானிட்டர் இழுப்பது 20 வாட் அளவுதான், சிறிய யு.பி.எஸ். போதும்.