முற்றத்துக்கு மூடி போட்ட கதை

எங்கள் வீட்டு முற்றத்தைப் பற்றி எழுத நினைத்து, வெட்கப்பட்டுப் பலமுறை விட்டுவிட்டேன். இந்தக் கோடையில் ஒருவழியாக அதைச் சரிசெய்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

தாம்பரம் தாண்டி மனை வாங்கி 2016-ல் வீடு கட்டினேன். அம்மா வளர்ந்தது கும்பகோணம் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில். "சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு முத்தம் வைடா" என்று கேட்டார். நான் என்ன செய்தேன்? நெட்டில் கிடைத்த பத்துப் பதினைந்து படங்களை எடுத்து இன்ஜினியருக்கு அனுப்பி, "இதே மாதிரி வேணும்" என்றேன். எட்டுக்கு எட்டு அடியில் முற்றம், நாலு மூலையிலும் மரத்தூண், நடுவில் துளசி மாடம். மழை வரும், கொசு வரும், திருடன் வருவான் என்று மேலே கனமான கண்ணாடி போட்டு மூடியாச்சு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அங்கே நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் வண்டவாளம் தெரிந்தது. பகல் பதினோரு மணிக்கு மேல் கூடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்க வராந்தாவுக்குப் போய்விட்டார். "முத்தம்னா வெக்கை மேல போகணும்டா. நீ மூடி போட்டு வச்சிருக்க." அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

நான் படித்தது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். கட்டிடக்கலைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இந்தத் தப்பு எனக்கு ரொம்பப் பழக்கமான தப்பு. வேறு எங்கோ ஓடுகிற நிரலை, அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று பார்க்காமல் காப்பி-பேஸ்ட் செய்கிற ஜூனியர் பையன்களைத் தினமும் திட்டுகிறவன் நான். வீட்டு விஷயத்தில் அதையே செய்திருக்கிறேன். சரி, முற்றம் என்னதான் வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் இயற்பியல்

சூடான காற்று லேசானது, மேலே போகும். திறந்த முற்றம் அதற்கு ஒரு புகைபோக்கி மாதிரி. சூடான காற்று வானத்துக்குப் போக, அந்த இடத்தை நிரப்ப அறைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. இரவில் முற்றத்தின் தரை தன் சூட்டை வானத்தை நோக்கிக் கதிராக விட்டுக் குளிர்கிறது. கண்ணாடி போட்டால் இரண்டும் கெட்டது. வெயில் உள்ளே வரும், சூடான தரை விடும் வெப்பக்கதிர் கண்ணாடியைத் தாண்டாது, சூடான காற்றுக்கும் வழி கிடையாது.

அடுத்தது ஈரப்பதம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றுப்பட வைத்தால் அது காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். தண்ணீர் ஆவியாவதை மட்டும் நம்பினால் காற்றை அந்த அளவு வரைதான் குளிர்விக்க முடியும். வெளியே 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 22. அதாவது 20 டிகிரி லாபத்துக்கு இடம் இருக்கிறது. அதுவே நம்மூர்க் கடற்கரையில் 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் சுமார் 30. அஞ்சு டிகிரிதான் கணக்கு, அதற்குள் வேர்வை ஆறாகப் போய்விடும். ராஜஸ்தானில் தண்ணீர்த் தொட்டி செய்யும் வேலையைச் சென்னையில் எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். இங்கே நமக்கு வேண்டியது நிழலும் உடம்பில் படும் காற்றும்.

'பாரம்பரிய இந்திய வீடு' என்று ஒன்று கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கு ஊர் தட்பவெப்பம் வேறு, விடையும் வேறு. இதை நன்றாகக் காட்டுகிறவை சார்லஸ் கொரியாவின் (1930–2015) இரண்டு கட்டிடங்கள்.

அகமதாபாத்: குழாய் வீடு

1960-களின் தொடக்கத்தில், வருமானம் குறைந்தவர்களுக்கான வீட்டுத் திட்டப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கிய வடிவமைப்பு இது. 'டியூப் ஹவுஸ்' என்று பெயர். அகலம் 3.6 மீட்டர், நீளம் சுமார் 18 மீட்டர். நீளமான சுவர்கள் இரண்டும் பக்கத்து வீட்டோடு பொது என்பதால் அவற்றில் வெயில் படாது. உள்ளே கூரை சரிவாக ஏறிப்போய் உச்சியில் ஒரு திறப்பில் முடிகிறது. சூடான காற்று அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டே மேலேறி வெளியே போய்விடும். வாசல் பக்கம் திருப்பி வைக்கக்கூடிய லூவர் பலகைகள். எவ்வளவு காற்று உள்ளே வரலாம் என்பதை அங்கே முடிவு செய்துகொள்ளலாம். உள்ளே கதவுகளே அநேகமாகக் கிடையாது, காற்றை மறிக்கக்கூடாதே.

அகமதாபாத்தின் பழைய 'போள்' தெருக்களில் இருக்கும் வீடுகளும் குறுகி, நீண்டு, சுவரைப் பகிர்ந்து, நடுவில் முற்றம் வைத்தவை. கொரியாவின் வீட்டில் அந்த வீடுகளின் மர வேலைப்பாடுகள் எதுவும் இல்லை, ஆனால் அவை செய்த வேலை இருக்கிறது. அந்த வீட்டைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள்; வரைபடத்தில்தான் பார்க்க முடியும். அந்த வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தபோது அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது: வெக்கை மேல போகணும்.

மும்பை: காஞ்சன்ஜங்கா

அதே மனிதர், 1983-ல் முடிந்த 28 மாடிக் கட்டிடம். இது வசதியானவர்களுக்கானது. இங்கே பிரச்சினையே வேறு. மும்பையில் கடல் காற்று வருவது மேற்கிலிருந்து, நல்ல காட்சியும் அந்தப் பக்கம்தான். ஆனால் சாயங்கால வெயிலும் பருவமழையும் அடித்துக்கொண்டு வருவதும் அதே மேற்கிலிருந்துதான்! திறந்தாலும் கஷ்டம், மூடினாலும் கஷ்டம்.

அந்த ஊர்ப் பழைய பங்களாக்கள் இதற்கு விடை வைத்திருந்தன: அறைகளைச் சுற்றி வராந்தா. வெயிலையும் சாரலையும் வராந்தா வாங்கிக்கொள்ளும், காற்று மட்டும் அறைக்குள் போகும். கொரியா அந்த வராந்தாவை வானத்துக்குக் கொண்டுபோனார். கட்டிடத்தின் மூலைகளைக் குடைந்து, இரண்டு மாடி உயரத்துக்கு ஆழமான தோட்ட மாடங்கள் வைத்தார். படத்தில் பார்த்தால் வெள்ளைக் கோபுரத்தை யாரோ அங்கங்கே கடித்த மாதிரி இருக்கும். ஓடு, தூண் எதுவும் இல்லை. ஆனாலும் அது மும்பை பங்களாவின் பேரப்பிள்ளைதான்.

நம் கடற்கரையில்: கோல்கொண்டே

சரி, நம்ம பக்கம்? புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டே, கொரியாவுக்கெல்லாம் முந்தியது. வடிவமைத்தவர் ஜப்பானில் வேலை செய்துகொண்டிருந்த ஆன்டனின் ரேமண்ட். கட்டுமானம் தொடங்கியது 1930-களின் பிற்பாதியில். முழுக்கக் கான்கிரீட். வெளியூர்க்காரர், புதுப் பொருள், ஆனாலும் அந்த ஊர் வெயிலைப் படித்துவிட்டுக் கட்டியிருக்கிறார்.

நீளமான முகப்புகள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. காலை, மாலைச் சாய்வெயில் விழுவது குறுகிய பக்கங்களில்தான். முகப்பு முழுக்கக் கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாகச் சுழலும் லூவர் பலகைகள். காற்று வேண்டுமா, திற. மழையா, மூடு. அறைக்கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆனவை. ஆள் தெரியாது, காற்று போகும். தட்டையான கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். வெயில் ஓட்டில் விழும், நடுவில் காற்று ஓடும், கூரை தப்பிக்கும். நம் மொட்டை மாடிகளில் தென்னங்கீற்றுக் கொட்டகை செய்யும் அதே வேலை!

மறுபடி எங்கள் வீடு

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு வெல்டரைக் கூப்பிட்டேன். கண்ணாடியை ஒன்றரை அடி உயர்த்தி, அந்த இடைவெளியில் நாலு பக்கமும் மழை புகாதபடி லூவர், உள்பக்கம் கொசுவலை. கண்ணாடிக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை. மூன்று நாள் வேலை. மதியம் இரண்டு மணிக்குக் கூடத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: முன்பு 39 காட்டியது, இப்போது வெளியே கிட்டத்தட்ட அதே வெயில் அடிக்கும் நாளில் 35. மின்விசிறி வேண்டும்தான், வேர்வை இல்லாமல் இல்லை. என் ஒரு வீட்டு அளவு, ஆராய்ச்சி முடிவு கிடையாது. ஆனால் உட்கார முடிகிறது.

புதிதாக வீடு கட்டப்போகிறவர்கள் படத்தை அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என் மனைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? மதியத்துக்கு மேல் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? வீட்டுக்குள் சேரும் சூடு எந்த வழியாக வெளியே போகும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மரத்தூண் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள்.

அம்மா போன வாரம் பாயைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் ஆபீஸ் காலில் இருந்தபோது எட்டிப் பார்த்தேன், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.