குறுக்குவில் அம்பின் எடை

குறுக்குவில் அம்பின் எடை என்பது குறுக்குவில்லில் வைத்து எய்யப்படும் அம்பின் தண்டு, முனை, இறகு, நாண் பொருந்தும் பின்பகுதி ஆகிய அனைத்தையும் சேர்த்த மொத்த நிறையைக் குறிக்கும். இயற்பியலில் இதனை நிறை என்பதே சரி. எனினும் வில்லாளர் வழக்கில் எடை என்றே சொல்லப்படுகிறது. ஒரே வில்லிலிருந்து எய்யும்போது எடை கூடிய அம்பு மெதுவாகச் செல்கிறது. ஆனால் இலக்கினுள் ஆழமாகப் பாய்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இவ்விரு விளைவுகளே வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் அம்பைத் தேர்ந்தெடுப்பதற்கு அடிப்படையாக உள்ளன. இந்தியாவில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

அளவீடு

அம்பின் எடை உலகெங்கும் கிரெயின் என்னும் பழைய ஆங்கிலேய அலகால் அளக்கப்படுகிறது. ஒரு பவுண்டு 7000 கிரெயின்களுக்குச் சமம். எனவே ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம் ஆகும். 400 கிரெயின் அம்பு சுமார் 26 கிராமும், 600 கிரெயின் அம்பு சுமார் 39 கிராமும் இருக்கும். இன்றைய குறுக்குவில் அம்புகள் பெரும்பாலும் 50 முதல் 56 செ.மீ. நீளமுடையவை. இவற்றின் தண்டு கரிம இழையாலோ அலுமினியத்தாலோ செய்யப்படுகிறது.

இயற்பியல் விளக்கம்

வில்லை வளைக்கும்போது செய்யப்படும் வேலை, வில்லின் கைகளில் நிலை ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. நாணை விடுவித்ததும் அந்த ஆற்றலின் பெரும்பகுதி அம்பின் இயக்க ஆற்றலாக மாறுகிறது. ஆனால் முழுவதும் அம்பைச் சென்றடைவதில்லை. வில்லின் கைகளும் நாணும் அம்புடன் சேர்ந்து நகர வேண்டியிருப்பதால், அவையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் வில்வித்தையை அறிவியல் முறையில் ஆராய்ந்த பால் குளோப்ஸ்டெக் இந்த இழப்பை ஓர் எளிய கருத்தால் விளக்கினார். அம்பின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் நிறை ஒட்டிக்கொண்டு அதே வேகத்தில் செல்வதாகக் கொள்ளலாம் என்பதே அது. இது வில்லின் மெய்நிகர் நிறை எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 200 ஜூல் ஆற்றலைச் சேமிக்கும் ஒரு குறுக்குவில்லின் மெய்நிகர் நிறை 8 கிராம் எனக் கொள்வோம். மூன்று வெவ்வேறு அம்புகளுக்குக் கணக்கிட்டால் கீழ்வரும் மதிப்புகள் கிடைக்கின்றன.

- 20 கிராம் அம்பு: வேகம் நொடிக்கு 119.5 மீட்டர், இயக்க ஆற்றல் 143 ஜூல், உந்தம் 2.39 கி.கி.மீ/நொடி
- 30 கிராம் அம்பு: வேகம் நொடிக்கு 102.6 மீட்டர், இயக்க ஆற்றல் 158 ஜூல், உந்தம் 3.08 கி.கி.மீ/நொடி
- 40 கிராம் அம்பு: வேகம் நொடிக்கு 91.3 மீட்டர், இயக்க ஆற்றல் 167 ஜூல், உந்தம் 3.65 கி.கி.மீ/நொடி

எடையை இரு மடங்காக்கியபோது வேகம் பாதியாகக் குறையவில்லை. நான்கில் ஒரு பங்களவே குறைந்தது. வேகம் குறைந்தும் இயக்க ஆற்றல் கூடியுள்ளது. இதற்குக் காரணம், எடை கூடிய அம்பு வில்லிடமிருந்து அதிகப் பங்கைப் பெற்றுக்கொள்வதே ஆகும். 20 கிராம் அம்பு எய்யப்படும்போது 57 ஜூல் வில்லிலேயே தங்குகிறது. 40 கிராம் அம்புக்கு 33 ஜூல் மட்டுமே தங்குகிறது.

இவ்வாறு தங்கும் ஆற்றல் அதிர்வாகவும் ஒலியாகவும் வெளிப்படுகிறது. அம்பே இல்லாமல் நாணை விடுவித்தால் முழு ஆற்றலும் வில்லையே தாக்கும். அப்போது வில்லின் கைகள் பிளக்கவும், நாண் அறுந்து எய்பவருக்குக் காயம் ஏற்படவும் கூடும். இதனாலேயே குறுக்குவில் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வில்லுக்கும் பயன்படுத்தத்தக்க மிகக் குறைந்த அம்பு எடையைக் குறிப்பிடுகின்றனர். வேகத்தை விரும்பி அதனினும் இலேசான அம்பைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

ஊடுருவும் ஆழம்

அம்பு இலக்கினுள் எவ்வளவு ஆழம் செல்லும் என்பது, இலக்கு எவ்வகையில் எதிர்ப்பு தருகிறது என்பதைப் பொறுத்தது. இதனை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

- எதிர்ப்பு விசை மாறாமல் இருந்தால், ஆழம் இயக்க ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 40 கிராம் அம்பு 20 கிராம் அம்பைவிட 1.17 மடங்கு ஆழம் செல்லும்.
- எதிர்ப்பு விசை வேகத்திற்கு நேர்விகிதத்தில் இருந்தால், ஆழம் உந்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அப்போது 1.53 மடங்கு ஆழம் செல்லும்.
- எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்திற்கு) நேர்விகிதத்தில் இருந்தால், எடையின் பங்கு இன்னும் கூடுகிறது. வேகத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிதாகிவிடுகிறது.

உயிருள்ள உடலில் தோல், தசை, எலும்பு, நீர்மம் ஆகியவை கலந்திருப்பதால் இம்மூன்று நிலைகளும் கலந்தே காணப்படும். எனவே இயக்க ஆற்றலா உந்தமா என்று வில்லாளரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் விவாதத்தில் இரு தரப்பிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மூன்று நிலைகளிலுமே எடை கூடிய அம்புக்குத்தான் சாதகம் என்பது கவனிக்கத்தக்கது.

துப்பாக்கிக் குண்டுடன் அம்பை ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். 2.6 கிராம் எடையுள்ள சிறிய குண்டு ஒன்று நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 142 ஜூல் ஆகும். இது மேற்கண்ட 20 கிராம் அம்பின் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். ஆனால் குண்டின் உந்தம் 0.86 மட்டுமே, அம்பின் உந்தமோ 2.39. அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூரிய முனையால் குருதிக் குழாய்களையும் நுரையீரலையும் வெட்டி, குருதி இழப்பை உண்டாக்கியே கொல்கிறது. ஆகையால் ஆழமும் முனையின் கூர்மையும் குறைந்தால் விலங்கு உடனே இறக்காமல், காயத்துடன் ஓடிப் பல நாள் துன்புறும்.

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எட் ஆசுபி, தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியிலும் பின்னர் பிற இடங்களிலும் பெரிய விலங்குகளில் அம்பு ஊடுருவுவதை ஆராய்ந்தார். கனத்த எலும்பைத் துளைக்க ஏறத்தாழ 650 கிரெயின் (42 கிராம்) எடை வேண்டும் என்பது அவர் பரப்பிய கருத்தாகும். அதற்கும் முன்பாக அம்பு உடையாமல் இருப்பதும், நேராகப் பறப்பதும் முதன்மையானவை என்றும் அவர் வலியுறுத்தினார். வளைந்து நெளிந்து பறக்கும் அம்பு பக்கவாட்டு அசைவிலேயே ஆற்றலை இழந்துவிடும்.

முன்பாரம்

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே உள்ளது என்பதும் முக்கியமாகும். அம்பின் சமநிலைப் புள்ளி நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னால் உள்ளது என்பதை மொத்த நீளத்தின் விழுக்காடாகக் கூறுவது முன்பாரம் எனலாம். 50 செ.மீ. நீளமுள்ள அம்பு பின்முனையிலிருந்து 32 செ.மீ. தொலைவில் சமநிலையில் நின்றால், அதன் முன்பாரம் 14 விழுக்காடு ஆகும். முன்பாரம் உள்ள அம்பை இறகுகள் எளிதில் நேராக்குகின்றன. ஆனால் முனையின் எடையைக் கூட்டும்போது தண்டின் விறைப்பும் போதுமானதாக இருக்க வேண்டும். இல்லையெனில் நாணின் தள்ளுதலால் தண்டு அளவுக்கு மீறி வளையும்.

குறைபாடுகள்

எடை கூடிய அம்பு இலக்கை அடைய அதிக நேரம் எடுத்துக்கொள்வதால் புவியீர்ப்பால் அதிகம் தாழ்கிறது. காற்றின் தடையைக் கருதாமல் கணக்கிட்டால் தாழ்வின் அளவு பின்வருமாறு அமையும்.

- 20 மீட்டர் தொலைவில்: 20 கிராம் அம்பு 14 செ.மீ.; 40 கிராம் அம்பு 24 செ.மீ.
- 40 மீட்டர் தொலைவில்: 20 கிராம் அம்பு 55 செ.மீ.; 40 கிராம் அம்பு 94 செ.மீ.

தொலைவு சரியாகத் தெரிந்தால் குறிநோக்கியைக் கொண்டு இதனை ஈடுசெய்யலாம். தொலைவைத் தவறாக மதிப்பிடும்போதுதான் சிக்கல் எழுகிறது. 45 மீட்டரில் உள்ள இலக்கை 40 மீட்டர் என்று எண்ணி எய்தால், இலேசான அம்பு சுமார் 8 செ.மீ. கீழே தைக்கும், கனமான அம்பு சுமார் 13 செ.மீ. கீழே தைக்கும்.

ஒலியும் கருதத்தக்கது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் செல்வதால், 30 மீட்டர் தொலைவில் நிற்கும் மான் நாணின் ஒலியை 0.09 நொடியில் கேட்டுவிடும். அம்பு சென்றடைய 0.25 முதல் 0.33 நொடி ஆகும். இவ்விடைவெளியில் விலங்கு உடலைத் தாழ்த்தித் துள்ள முடியும். எந்தக் குறுக்குவில் அம்பும் ஒலியை முந்துவதில்லை. கனமான அம்பு தாமதமாகச் சென்றாலும் வில்லின் ஒலியைக் குறைக்கிறது. இக்காரணங்களால், கனமான அம்பு குறைந்த தொலைவுக்கே ஏற்றதாகும்.

வரலாறு

சீனாவில் வெண்கல விசையுடன் கூடிய குறுக்குவில் கிறித்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழக்கில் இருந்தது. சீ'ஆன் சுடுமண் படைவீரர் புதைகுழிகளிலும் இத்தகைய விசைகள் கிடைத்துள்ளன. ஐரோப்பாவில் 1139 ஆம் ஆண்டின் இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம் கிறித்தவர்களுக்கு எதிராக வில்லையும் குறுக்குவில்லையும் பயன்படுத்துவதைக் கண்டித்தது. இடைக்கால ஐரோப்பியக் குறுக்குவில்களின் எஃகுக் கைகள் கனமானவை. நாண் நகரும் தொலைவோ குறைவு. எனவே அவற்றுக்குக் குட்டையான, தடித்த, கனமான அம்புகளே பொருந்தின.

இந்தியாவில் நிக்கோபார் தீவு மக்கள் பறவைகளை வேட்டையாடக் குறுக்குவில்லைப் பயன்படுத்தினர். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவற்றைப் பற்றி 1924 இல் கட்டுரை எழுதினார்.

தமிழகத்தில்

தமிழ் மரபில் பெரிதும் பேசப்படுவது கைவில்லே ஆகும். அம்பைக் குறிக்கக் கணை, பகழி, வாளி முதலிய சொற்கள் உள்ளன. புறநானூற்றின் 152 ஆம் பாடலில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை அடுத்தடுத்துத் துளைத்ததாகப் பாடியுள்ளார். இது உயர்வு நவிற்சியே ஆயினும், வில்லாளியின் திறன் அம்பு பாயும் ஆழத்தைக் கொண்டு மதிப்பிடப்பட்டது என்பதை உணர்த்துகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்கள் பலவற்றில் வில்லேந்திய வீரர்களையும், உடலில் அம்பு தைத்த வீரர்களையும் காணலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன.

சட்ட நிலை

1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, அட்டவணைகளில் இடம்பெற்ற விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமன்றி, காயப்படுத்துவதும், பிடிப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூடச் சட்டப்படி வேட்டையே ஆகும். எந்தக் கருவி, எந்த எடை என்பது பொருட்டன்று. மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் விலங்கு போன்ற விதிவிலக்குகளில், சட்டம் அதிகாரம் அளித்துள்ள வனத்துறை அலுவலரின் எழுத்து வழி ஆணை தேவை.

தொரப்பள்ளி உள்ளிட்ட ஓசூர் வட்டாரத்து மக்களுக்கு இது ஏட்டளவிலான செய்தி அன்று. தொழிற்சாலைகள் பெருகிய இவ்வட்டாரத்தை அடுத்தே யானைகள் வந்து தங்கும் சானமாவு காப்புக்காடு உள்ளது. 2014 இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கி.மீ. பரப்பு காவேரி வடக்கு காட்டுயிர் உய்விடமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதியில் யானையும் காட்டுப்பன்றியும் கேழ்வரகு முதலிய பயிர்களை அழிப்பதால் உழவர்களுக்கு உண்மையான இழப்பு ஏற்படுகிறது. ஆனால் அம்பு எய்து விரட்ட முயல்வது குற்றமாவதோடு, காயம்பட்ட விலங்கை முன்னிலும் ஆபத்தானதாக்கும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கோருவதே உரிய வழியாகும்.

பிற நாடுகளில் நிலைமை வேறுபடுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் உரிமத்துடன் குறுக்குவில் வேட்டைக்கு இடமுண்டு. பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டின் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம் வில், குறுக்குவில் இரண்டாலும் காட்டு விலங்குகளைக் கொல்வதைத் தடை செய்துள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- வில்வித்தை
- உந்தம்
- இயக்க ஆற்றல்
- நடுகல்
- வல்வில் ஓரி